வயசுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு ஜூம் வகுப்பு: 1,800 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

பத்தாவது படிக்கிற மகன், ஏழாவது படிக்கிற மகள், ஒரு மாமியார், கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிற வீட்டுக்காரர், இதுதான் மதுரை திருநகரில் எங்கள் வீடு. "டீன் ஏஜ் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி" என்று ஜூமில் நடக்கிற ஒரு வகுப்பில் சேர்ந்து முழுசாக முடித்துவிட்டேன் என்று தெரிந்ததிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், எல்லோருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். காசு வீண் இல்லை. ஆனால் அவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிற காரணத்துக்காக இல்லை, வேறு காரணத்துக்காக. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நடத்துகிறவர் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அவரோ தனி ஆளாகச் சின்ன அளவில் நடத்துகிறவர், கூகுளில் தேடினால் என் புலம்பல்தான் முதலில் வந்து நிற்கும் என்றால் அது பாவம். வேண்டுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், நம்பர் தருகிறேன்.

விவரம் இதுதான். 8 வாரம், ஞாயிறு இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை. ஒரு குடும்பத்துக்கு 1,800 ரூபாய், அம்மா அப்பா இரண்டு பேரும் உட்காரலாம். ஒரு பேட்சுக்கு 16 குடும்பம், அதற்கு மேல் எடுப்பதில்லை. எங்கள் பேட்சில் மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் இருந்தார்கள், ஒருவர் சவுதியிலிருந்து வந்து உட்காருவார். இரண்டு வகுப்புக்குப் பிள்ளைகளும் கூட இருக்க வேண்டும். வாரத்துக்கு நடுவில் வகுப்பு நடத்துகிற மேடமே போன் பண்ணி, கொடுத்த வேலையைச் செய்தீர்களா என்று கேட்பார். இந்த போன் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மேடம் முன்பு பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக இருந்தவர். பேச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு. "பிள்ளைய வையாதீங்கன்னு சொல்ல நான் வரல. வஞ்ச பிறகு என்ன நடக்குதுன்னு மட்டும் பாருங்க" என்றுதான் முதல் நாளே ஆரம்பித்தார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இந்த மாதிரி வகுப்பு எடுக்கிறவர்கள் பாதிப் பேர் "அன்பால் அணையுங்கள்" என்று ஆரம்பித்து நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒன்று கைவசம் இருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கிற மதினி போன வருஷம் ஆஃபரில் 499 ரூபாய்க்கு ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கியிருந்தார். நானும் கூட உட்கார்ந்து கொஞ்சம் பார்த்தேன். மூளைப் படம் போட்டு, முன்பக்க மூளை இருபத்தைந்து வயசு வாக்கில்தான் முழுசாக முதிரும், அதனால்தான் பிள்ளைகள் யோசிக்காமல் செய்கிறார்கள் என்று அழகாகச் சொல்கிறார் அந்த சார். அமெரிக்காவில் டயானா பாம்ரிண்ட் என்கிற உளவியல் அம்மா 1966-இல் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார், அதட்டி மட்டுமே வளர்க்கிறவர், எல்லாவற்றுக்கும் விட்டுவிடுகிறவர், பாசமும் கண்டிப்பும் சேர்த்து வைத்திருக்கிறவர் என்று, 1983-இல் வேறு இருவர் கண்டுகொள்ளாமலே விடுகிறவர் என்று நாலாவதையும் சேர்த்தார்கள், இதெல்லாமும் அதில் இருந்தது. ஒன்றும் தப்பில்லை. "எல்லாம் சரியாத்தான்டி சொல்றாரு" என்றார் மதினி. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுச் சத்தம் தெருமுனைப் பால் பூத் வரைக்கும் கேட்டது. நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டு வைகையில் தண்ணீர் வருகிற அன்றைக்கு இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான்.

நான் சேர்ந்த வகுப்பில் பேச்சு குறைவு, செய்ய வைப்பது அதிகம். இதற்குத்தான் காசு என்பது என் கட்சி.

முதல் வாரம் கொடுத்த வேலையைக் கேளுங்கள். பிள்ளை எதைச் செய்யச் சொல்கிறானோ அதைக் கொஞ்ச நேரம் அவனோடு சேர்ந்து செய்ய வேண்டும், எதைச் செய்வது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது, புத்திமதி கூடாது, கேள்வியும் கூடாது. எங்கள் பேட்சில் ஒரு பெண் கடைக்குப் போகக் கேட்டது, ஒரு பையன் அப்பாவோடு வண்டியில் அழகர்கோவில் வரை போகக் கேட்டான். என் மகன் என்ன கேட்டான் தெரியுமா, "நான் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுறதப் பக்கத்துல உக்காந்து பாரு." வேணும் என்றேதான் கேட்டான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உட்கார்ந்தேன். காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அந்தப் பக்கம் நாலு பயல்கள் கத்துவது எனக்கே கேட்டது, இவன் மெதுவாக "மாப்ள, அம்மா பக்கத்துல இருக்காங்க, வாய அடக்கு" என்றான். கொஞ்ச நேரம் போயிற்று. நானும் வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "அம்மா, நீ சும்மா உக்காந்திருந்தா பயமா இருக்கு" என்றான். அப்புறம் அவனாகவே சொல்ல ஆரம்பித்தான், எவன் எந்த ஊர், எவன் அவசரக்குடுக்கை, கீழே விழுந்தவனை எழுப்பி விடாமல் ஓடிப்போகிறவன் எவன் என்று. அந்த ஓடிப்போகிறவன் அவன் வகுப்புப் பையன், அவனோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லையாம். இதை நான் கேட்டிருந்தால் பத்து நாளைக்குத் தொங்கினாலும் வந்திருக்காது.

அடுத்த வாரம் எடுத்ததுதான் எனக்கு ரொம்ப உறைத்தது. ஜெரால்டு பேட்டர்சன் என்று அமெரிக்காவில் ஓரிகனில் இருந்த ஆராய்ச்சியாளர், வீட்டுக்குள் நடக்கிற சண்டையை நுணுக்கமாகக் கவனித்துப் பார்த்துச் சொன்ன விஷயம் அது. நாம் ஒன்று சொல்கிறோம், பிள்ளை முரண்டு பிடிக்கிறான், நாம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சலித்துப்போய் "எக்கேடோ கெட்டுப் போ" என்று விட்டுவிடுகிறோம். அவனுக்கு என்ன பாடம்? முரண்டு பிடித்தால் வேலை நடக்கும். இன்னொரு நாள் நாம் தொண்டை கிழியக் கத்துகிறோம், அவன் பயந்து அடங்குகிறான். நமக்கு என்ன பாடம்? கத்தினால் வேலை நடக்கும். அடுத்த தடவை இரண்டு பேரும் முதல் படியிலேயே நிற்பதில்லை, நேராக மேல் படிக்குப் போகிறோம். யாரும் கெட்டவர்கள் இல்லை, இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமலே பழக்கிக்கொள்கிறோம். மேடம் இதை ஒரு வெள்ளைத் தாளில் வட்டமாக வரைந்து காட்டிவிட்டு, "உங்க வீட்டுல கடைசியா நடந்த சண்டைய இந்த வட்டத்துல எழுதுங்க" என்றார். பதினாறு சதுரத்திலும் தலை குனிந்திருந்தது. டியூசனுக்குப் போகமாட்டேன் என்பதில் ஆரம்பித்து ரிமோட்டைத் தூக்கி அடித்தது வரை எங்கள் வீட்டுச் சண்டை அந்த வட்டத்தில் அச்சு அசலாக உட்கார்ந்துகொண்டது.

இதற்கு மேல்தான் நடிக்க வைத்தார். ஜூமிலேயே நாலு நாலு பேராகத் தனி அறையில் போட்டுவிடுவார், ஒருவர் பிள்ளை, ஒருவர் பெற்றோர், மற்ற இருவர் பார்க்க வேண்டும். எங்கள் அறையில் உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர், பால் சொசைட்டியில் வேலை, அவருக்குப் பதினாலு வயசு மகள் வேஷம், டியூசன் முடிந்து லேட்டாக வருகிறது. நான் அம்மா. "எங்க போன?" என்றேன். "டியூசன்." "டியூசன் ஏழு மணிக்கே முடிஞ்சிருச்சே." "பேசிட்டு இருந்தோம்." "யார்கூட?" அண்ணன் பேசவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, ஆள் அப்படியே இருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி, மூணாவது கேள்விக்கு மேல பதில் சொல்ல எனக்கே தோணல. எம்மகளும் இப்படித்தான் தூணு மாதிரி நிக்கும், நான் அத திமிருன்னு நெனைச்சேன்" என்றார். இரண்டாவது தடவை வேறு மாதிரி ஆரம்பிக்கச் சொன்னார்கள். "வந்துட்டயா, நேரமாகவும் பயந்துட்டேன், கை கால் கழுவிட்டுச் சாப்பிடு, அப்புறம் பேசுவோம்" என்றேன். அண்ணன் பாட்டுக்கு எழுதிக் கொடுக்காத வசனமெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார், பஸ்ஸை விட்டதாம், கூட வந்த பிள்ளைக்குக் காய்ச்சலாம், செல்லில் சார்ஜ் இல்லையாம். நாலு பேரும் சிரித்து முடிப்பதற்குள் மேடம் எங்களைத் திரும்ப இழுத்துவிட்டார். எந்த வீடியோவும் இதைத் தராது.

பாராட்டுவது பற்றிய வகுப்பில்தான் என் மாமியார் உள்ளே வந்தார். எல்லா இடத்திலும் சொல்வதுதான், பிள்ளை நல்லது செய்தால் அதைப் பார்த்தேன் என்று வாயால் சொல்லுங்கள். நம்ம வீடுகளில் இது லேசுப்பட்ட காரியமா? அத்தை சமையல்கட்டிலிருந்தே, "மூஞ்சிக்கு நேரா புகழாத, கண்ணு பட்டுப்போகும், ஏற்கெனவே வாத்தியாரும் அடிக்கிறதில்ல, நீயும் அடிக்க மாட்டேங்கிற" என்றார்கள். மைக் ஆனில் இருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மேடம் பதறவில்லை. "அப்பத்தா சொல்றதும் சரிதான், பையன் தங்கம் வைரம்னெல்லாம் சொல்லவே வேணாம், அவன் செஞ்ச காரியத்த மட்டும் சொல்லுங்க, தண்ணிக் கேன இறக்கி வச்சுட்டயா, நல்லதாப் போச்சு, அவ்வளவுதான்" என்றார். "நல்லதாப் போச்சு" என்று சொல்ல அத்தைக்கும் ஆட்சேபணை இல்லை. இப்போது எங்கள் வீட்டில் அவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள், அதுவும் மகளிடம், முன்பெல்லாம் அந்தப் பிள்ளையின் வேலையை யாரும் வேலையாகவே எடுத்துக்கொண்டதில்லை.

இந்த இடத்தில் வகுப்பின் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. பாட்டி பேச்சுக்கு அன்றைக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொன்னார் சரி, ஆனால் பாடத்திட்டம் முழுக்க வீட்டில் அம்மா அப்பா இரண்டே பேர் இருப்பது போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஒன்றை மறுத்தால் அரை மணி நேரத்தில் அப்பத்தா சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து அனுப்புகிற வீட்டில், சித்தப்பா பைக் சாவியைத் தூக்கிக் கொடுக்கிற வீட்டில், ஒப்பந்தம் போட்டு என்ன செய்ய? அவர்களோடு எப்படிப் பேசுவது என்று ஒரு வகுப்பாவது வேண்டும். கேட்டேன், அடுத்த பேட்சில் யோசிக்கிறேன் என்றார்.

ஒப்பந்தம் என்றேன் அல்லவா, அது செல்போன் பற்றியது. எல்லோரும் இதற்காகத்தான் சேர்கிறார்கள், நானும்தான். மேடம் முதலில் தூக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயசு வரைக்கும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், ஆனால் அந்த வயசில் தூக்கம் வரவைக்கிற மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது, ஒன்பது மணிக்குப் படு என்றால் பிள்ளைக்கு உண்மையிலேயே தூக்கம் வராது, கொட்டக் கொட்ட விழித்திருக்கிற நேரத்தில் கையில் போனும் இருந்தால் ஒரு மணி ஆகிவிடும், காலை ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆறு மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரத் தூக்கம். இதைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த வகுப்பில் சொன்னார். என் மகன் என்னைப் பார்த்து, பார்த்தயா, நான் வேணும்னு செய்யல என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான்.

அப்புறம் தாள் எழுதினோம். பிள்ளையும் ஒரு நிபந்தனை போட வேண்டும் என்பது விதி. இவன் போட்டது: பத்தரைக்கு என் போன் ஹாலில் சார்ஜுக்குப் போனால் அப்பா போனும் போகணும். வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வருவதே ஒன்பதரைக்கு மேல், வந்த பிறகுதான் விருதுநகர்ப் பருப்பு விலை, வத்தல் விலை என்று வாட்ஸ்அப்பில் உட்காருவார். "யாவாரம் நடக்கணுமா வேணாமா?" என்றார். மகன் பேசாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அத்தை சிரித்துவிட்டார்கள். கடைசியில் பதினொரு மணி என்று பேசி முடித்து, வியாபாரத்துக்கு மட்டும் பழைய பட்டன் போன் ஒன்று அவர் தலைமாட்டில் இருக்கலாம் என்று சலுகை. தாளைப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். ஒழுங்காக நடக்கிறதா என்றால் வாரத்தில் பாதி நாள் நடக்கிறது, சனிக்கிழமை நடப்பதே இல்லை. முன்பு தினமும் சண்டை, இப்போது தாளைக் காட்டினால் போதும், அந்த அளவில் எனக்குத் திருப்தி.

மேடம் நடுவில் ஒருநாள் இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொன்னார், நான் பிறகு தேடியும் படித்தேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆக்ஸ்ஃபோர்டு, கேப் டவுன் போன்ற பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, வசதி குறைந்த நாடுகளுக்கு என்று "பேரண்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்" என ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் வயசுப் பிள்ளைகளுக்கான பகுதியைத் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பகுதியில் 40 இடங்களில் 552 குடும்பங்களை வைத்துச் சோதித்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 14 வார வகுப்பு, நடத்தியவர்கள் பெரிய டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள்தான். பெற்றோர் சொன்ன கணக்கில் அடியும் ஏச்சும் நன்றாகவே குறைந்திருந்தது, பிள்ளைகள் மேல் கவனம் கூடியிருந்தது, பெற்றோரின் மன உளைச்சல் குறைந்திருந்தது. ஆனால் பிள்ளைகளின் அடங்காத்தனம் குறைந்ததாக அந்தச் சோதனையில் தெரியவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, நம் வகுப்பின் விளம்பரத்தில் "8 வாரத்தில் உங்கள் பிள்ளையிடம் மாற்றம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிடலாம். அவ்வளவு பெரிய திட்டமே தைரியமாகச் சொல்லாததை இவர்கள் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் சத்தம் குறையும் என்று போட்டால் போதும், அதற்கே ஆள் வரும்.

அந்தத் தென்னாப்பிரிக்கப் பாடத்தில் குடும்ப வரவுசெலவும் ஒரு பகுதி, மேடமும் அதை எங்களுக்குக் கொடுத்தார். பிள்ளை வளர்ப்பில் பட்ஜெட் எங்கே வந்தது என்று நினைத்தேன், ஆனால் எங்கள் வீட்டில் நன்றாக எடுபட்ட வேலை அதுதான். ஒரு மாதச் செலவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத வேண்டும். கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதே மகனுக்குத் தெரியாது. சீட்டுக் கட்டுகிற பணம், அவன் டியூசன், தங்கச்சியின் பல் கம்பி, அத்தையின் சுகர் மாத்திரை என்று ஒவ்வொன்றாக எழுத எழுத, புதுப் போன் கேட்டுக்கொண்டிருந்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு கடைசியில் "சரி, தீபாவளிக்குப் பாக்கலாம்" என்றான். ஆயுதபூஜைக்கே மறுபடி கேட்டுவிட்டான், அது வேறு.

இந்தத் திட்டத்தின் கையேடுகள் இணையத்தில் இலவசம். கொரோனா காலத்தில் 2020-இல் அவர்கள் போட்ட ஒரு பக்கத் துண்டுக் குறிப்புகள் நூறு மொழிகளுக்கு மேல் போயின. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த "ட்ரிபிள் பி" என்கிற பெற்றோர் பயிற்சித் திட்டத்திலும் டீன் ஏஜ் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தானே உட்கார்ந்து முடிக்கிற இணைய வகுப்பு இருக்கிறது. ஆக, இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கு 1,800 என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாடத்துக்குக் கொடுத்தால் அதிகம். புதன்கிழமை மேடம் போன் பண்ணி "என்னம்மா, செஞ்சீங்களா?" என்று கேட்பாரே என்கிற பயத்துக்குக் கொடுத்தேன், உசிலம்பட்டி அண்ணனோடு நடித்ததற்குக் கொடுத்தேன். நானாகவே படித்து நானாகவே செய்கிற ஆள் நீங்கள் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

இப்போது மற்ற குறைகள். ஞாயிறு ஏழரை மணி என்பது வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்குத்தான் தோது. கடை வைத்திருக்கிறவர், ஷிப்ட் போகிறவர் யாரும் அந்த நேரத்தில் உட்கார முடியாது. எங்கள் பேட்சில் ஒழுங்காக வந்த அப்பாக்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து போனில் சேருவார், மூட்டை இறக்குகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கேமராவில் பாதி நேரம் கல்லாப்பெட்டிதான் தெரியும். ரெக்கார்டிங் அனுப்புகிறோம் என்கிறார்கள், அனுப்பினார்கள், யார் பார்த்தார்கள்? அப்பாக்களுக்கு மட்டும் இரவு பத்து மணிக்கு அரை மணி நேரம் வைத்தாலே கூட்டம் வரும்.

இரண்டாவது, இரண்டு அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது? மகனைப் பற்றி நான் சொல்வதை மகன் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பான். மொட்டை மாடிக்குப் போனால் கொசு, மழை வந்தால் அதுவும் இல்லை. ஒரு அம்மா நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து எட்டு வாரமும் முடித்தார். இதற்கு மேடம் மேல் குற்றம் இல்லை, ஆனால் சேருவதற்கு முன் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பும் இரண்டாவது வாரத்திலேயே காலை வணக்கப் பூங்கொத்துக்கும் அபாகஸ் விளம்பரத்துக்கும் போய்விட்டது, நான் மியூட்டில் போட்டுவிட்டேன். கடைசி வகுப்பில் அரை மணி நேரம் "அட்வான்ஸ்டு" வகுப்புக்கு ஆள் பிடித்தார்கள், 6,000 ரூபாயாம். நான் சேரவில்லை, சேர வேண்டியதாகவும் தோன்றவில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. காதல் விஷயம். மதுரையைச் சுற்றி வயசுப் பிள்ளை வைத்திருக்கிற எந்த வீட்டிலும் ராத்திரி தூக்கம் கெடுவது மார்க்கால் மட்டும் இல்லை, யாருக்கு மெசேஜ் போகிறது, அந்த வீடு என்ன ஆட்கள், தெருவில் யார் பார்த்தார்கள் என்பதால்தான், இதை எல்லோரும் அறிவோம். பெண் பிள்ளை என்றால் போனைப் பிடுங்கு, பள்ளியை நிறுத்து, மாமன் மகன் இருக்கிறானா பார் என்று போகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. மேலூரிலிருந்து வந்த ஓர் அம்மா இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். மேடம் "அதுக்குத் தனியா பேசுவோம்" என்று தாண்டிவிட்டார். தனியாகப் பேசியிருக்கலாம், எனக்குத் தெரியாது, ஆனால் பதினாறு குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த இடம் அது. குறைந்தபட்சம் சட்டத்தையாவது சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் பிள்ளை சம்மதித்தது என்ற பேச்சே எடுபடாது, ஆண் பிள்ளையைப் பெற்றவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. பதினெட்டு ஆகாமல் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெற்றவர்கள் மேலும் பாயும். சாதி பற்றிப் பேசினால் பேட்ச் உடைந்துவிடும் என்று மேடம் பயந்திருக்கலாம், பயம் புரிகிறது, ஆனால் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போவது சரியில்லை.

ஒன்றில் மட்டும் நாணயமாக இருந்தார். இது வைத்தியம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் அறையை விட்டு வராமல் இருக்கிறான், செத்துப்போகலாம் என்கிற மாதிரி பேசுகிறான், கையைக் கீறிக்கொள்கிறான் என்றால் வகுப்புக்காகக் காத்திருக்கக் கூடாது, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ தெரிந்த மனநல டாக்டரிடமோ உடனே கூட்டிப்போகணும் என்றார். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கு அரசு வைத்திருக்கிற, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிற இலவச எண், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டையும் பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் அவர்கள் போனிலும் பதிந்துகொள்ளச் சொன்னார். எங்கள் பேட்சில் ஒரு குடும்பத்தை இரண்டாவது வாரத்திலேயே, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, டாக்டரிடம் அனுப்பினார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நான் யாருக்கும் சொல்வேன்.

சேர நினைக்கிறவர்களுக்கு: பிள்ளை பத்து, பதினொன்று வயசிலிருந்தால் இப்போதே சேரலாம், பிளஸ் டூ வந்த பிறகு சேர்ந்தால் வீட்டுக்கும் நேரம் இருக்காது, பிள்ளையும் வந்து உட்காராது. வீட்டுக்காரரால் வரமுடியாது என்றாலும் பரவாயில்லை, மாமியாரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், எங்கள் வீட்டில் அதுதான் பலித்தது. வேறு யாரிடம் சேருவதானாலும், எத்தனை குடும்பம் எடுக்கிறீர்கள், பிள்ளைகளுக்கும் வகுப்பு உண்டா, வாரத்துக்கு நடுவில் கூப்பிட்டுக் கேட்பீர்களா என்று மூன்றையும் கேட்காமல் ஜிபே பண்ணாதீர்கள். நூறு பேர் உட்காருகிற வகுப்பு என்றால் அது வகுப்பு இல்லை, மேடைப் பேச்சு, அது யூடியூபிலேயே கிடைக்கும்.

அடுத்த பேட்ச் முழுப் பரீட்சை முடிந்ததும் ஆரம்பிக்கிறதாம், கட்டணம் அதேதான். சித்திரைத் திருவிழா சமயத்தில் வருவதால் அழகர் இறங்குகிற வாரம் வகுப்பு உண்டா, இல்லாவிட்டால் அதற்குப் பதில் வகுப்பு எப்போது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.